காளியண்ண ஆசாரியின் விடுதலைப் பத்திரம்

இத்தனையும் ஒரு போர்டுக்காக ஆரம்பித்தது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். துப்புங்கள். நானே தினமும் கண்ணாடியைப் பார்த்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

என் பெயர் கந்தவேல், வயது ஐம்பத்தொன்பது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் பட்டறைக்கு நாலு பட்டறை தள்ளி இருப்பவர் போன வருஷம் புது போர்டு மாட்டினார். பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'பாரம்பரியம் 1962 முதல்' என்று போட்டு, சுற்றிலும் விளக்கு வைத்துவிட்டார். அறுபத்திரண்டாம்! அந்த வருஷம் அவருடைய தாத்தா என் தாத்தாவிடம் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது. நாமும் போர்டு மாற்ற வேண்டும், அதில் அவருக்கு முந்திய வருஷம் இருக்க வேண்டும், யாராவது கேட்டால் எடுத்து முகத்தில் நீட்டக் காகிதம் கையில் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

என் மனைவி வசந்தாமணி அன்றைக்கே சொன்னாள். "ஏனுங்க, லாரிக்காரன் போர்டப் பாத்தா வர்றான்? வேலையப் பாத்து வர்றான். புள்ள முழுகாம இருக்கறா. அதுக்கு ஆக வேண்டியதப் பாருங்க."

பிள்ளை என்றது எங்கள் ஒரே மகள் தேவிப்ரியாவை. ஓமலூரில் மர அறுவை மில் வைத்திருக்கும் வீரபாகுவின் மகன் இளஞ்செழியனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் அவளைக் கட்டிக்கொடுத்தோம். நாங்களும் ஆசாரிகள், அவர்களும் ஆசாரிகள். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். ஆனால் தேவிப்ரியா தினம் காலையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த மூன்று மாதமும் மில்லுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார் என்று சம்பந்தியே கேலியாகச் சொல்லிச் சிரிப்பார். என் பெண் நன்றாக இருந்தாள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எனக்குத் தெரிந்த பரம்பரை தாத்தா அருணகிரி ஆசாரி வரைக்கும்தான். பட்டறை இருக்கும் இடத்தை அவர் வாங்கிய 1953ஆம் வருஷத்துப் பத்திரம் பீரோவில் இருந்தது. 'சேந்தமங்கலம் காளியண்ண ஆசாரி குமாரர் அருணகிரி ஆசாரி' என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் காளியண்ண ஆசாரி என் பூட்டன். அவர் மாட்டுவண்டி செய்தார், சக்கரத்துக்கு இரும்புப் பட்டை இறக்குவதில் கெட்டிக்காரர், யாரோடும் ஒட்டமாட்டார். வீட்டில் அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். ஒட்டாத மனுஷனைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டவன் நான்.

1953 என்று போட்டாலே அறுபத்திரண்டுக்கு முந்தியதுதான், ஆனால் ஒன்பது வருஷ வித்தியாசம் எனக்குப் போதாமல் சேந்தமங்கலத்துக்குப் போனேன். தாத்தா படித்த பள்ளிக்கூடத்தின் பழைய சேர்க்கைப் பதிவேடு கரையான் தின்னாமல் இருந்தது. தலைமையாசிரியை ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மாணவன் அருணகிரி. தகப்பனார் காளியண்ணன். தொழில் வண்டித் தச்சு. பூர்வீகம் ஓமலூர் தாலுகா, கருங்காட்டூர்.

கருங்காட்டூர் என் சம்பந்தி வீரபாகுவின் சொந்த ஊர். புத்தி உள்ளவன் அந்த இடத்திலேயே நின்று யோசித்திருப்பான். சின்ன ஊர், அதில் ஆசாரி வீடுகள் பத்துக்கூட இருக்காது. எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அட, சம்பந்தி ஊர் என்று சந்தோஷப்பட்டேன். போன் எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, கல்யாணத்தின்போது இரண்டு வீட்டாரையும் சேர்த்து ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் அப்போதே போட்டேன். சம்பந்தி கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார்.

பதிவேட்டில் வருஷம் 1917. அது போதும் என்று விட்டிருக்கலாம். எனக்கு ஆசை பிடித்துவிட்டது. ஓமலூர்ப் பக்கம் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அன்பரசு என்பவரைப் பிடித்தேன். காளியண்ண ஆசாரி பெயரில் பழைய பத்திரம் ஏதாவது இருக்குமா என்று தேடச் சொன்னேன். மனிதர் ஒன்றரை மாதம் அலைந்து நகல் வாங்கி வந்துவிட்டார். 1911ஆம் வருஷத்துப் பாக விடுதலைப் பத்திரம். மூன்று பக்கம். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நடுநடுவே வடமொழி எழுத்தும் கலந்து, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அன்பரசு முதல் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"இந்தா பாருங்க வருஷம். இது எழுதிக் குடுக்கறவரு பேரு. 'வண்டித் தச்சு வேலை ஜீவனம் காளியண்ண ஆசாரி.' போதுமுங்களா? மீதிய ஊட்ல போயி சாவகாசமாப் படிச்சுப் பாருங்க. என்னமோ பாகத்த விட்டுக் குடுத்திருக்கறாரு."

போதும் என்றேன். மீதியைப் படிக்கவில்லை. 1911 என்ற எண்ணை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பக்கத்தையும் படம் பிடித்து அதே குழுவில் போட்டேன். கீழே என் கையாலேயே எழுதினேன்: 'சம்பந்தி, 1911லேயே எங்க பூட்டன் உங்க கருங்காட்டூர் ஆசாரி! விட்டுப் போன சொந்தம் திரும்ப வந்துருச்சு பாத்தீங்களா!'

பத்துப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பதினொரு மணிக்கு தேவிப்ரியா போன் செய்தாள்.

"அப்பா, மூணாவது பக்கத்தப் படிச்சீங்களா?"

"இல்ல சாமி. ஏன்?"

"கருங்காட்டூர்லருந்து வாத்தியாரு ஒருத்தரு மாமாவுக்குப் போன் பண்ணிப் படிச்சுக் காட்டுனாருங்கப்பா. அதுலருந்து மாமா ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கறாரு. அத்தை அழுவறாங்க. என்னன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கம். சேந்தமங்கலத்தில் என் மாமனார் வீட்டோடு நிலையாகத் தங்கிவிட்டபடியால், நம் தகப்பனார் சின்னண்ண ஆசாரியின் வீட்டிலும் பட்டறையிலும் எனக்குள்ள பாகத்தை, என் தமையனார் வீரபாகு ஆசாரியாகிய தங்களுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று இருந்தது. மூன்றாம் பக்கம். நம் குலதெய்வமான கரியகாளியம்மனுக்கு மரக்குதிரை செய்து கொடுக்கும் முறையிலும் இனி எனக்காவது என் சந்ததிக்காவது பாத்தியமில்லை என்று இருந்தது. கீழே கையெழுத்து இல்லை. காளியண்ண ஆசாரி, கீறல் என்று இருந்தது. என் பூட்டனுக்கு எழுதத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

எங்களில் பெண் பார்க்கப் போனால் ஜாதகத்துக்கும் முந்திக் கேட்பது குலதெய்வத்தை. ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கை. எத்தனை தலைமுறை கடந்தாலும் தங்கைதான். நாங்களும் முறையாகக் கேட்டுத்தான் செய்தோம். அவர்கள் கருங்காட்டூர் கரியகாளியம்மன் என்றார்கள், நாங்கள் சேந்தமங்கலத்து அங்காளம்மன் என்றோம். சந்தோஷமாகத் தட்டு மாற்றிக்கொண்டோம். அங்காளம்மன் என் பூட்டனின் மாமனார் வீட்டுச் சாமி என்பது இப்போதுதான் தெரிகிறது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர், வீட்டோடு சாமியையும் வாங்கிக்கொண்டார்.

வீரபாகு என்று சம்பந்திக்கு வைத்தது அவருடைய பூட்டனின் பெயர். விரலை மடக்கி எண்ணினேன். அண்ணன் வழியில் அவர், தம்பி வழியில் நான். இருவரும் நாலாவது தலைமுறை. அப்படியானால் நாங்கள் அண்ணன் தம்பி, வயதில் நான் மூத்தவன். அவர் மகனும் என் மகளும் என்று எண்ணப் போய், விரலை விட்டுவிட்டேன்.

குழுவில் போட்டதை அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம்? அதற்குள் அது கருங்காட்டூர் பூராவும் போய்விட்டது.

மூன்றாம் நாள் வீரபாகு தனியாக வந்தார். வசந்தாமணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் எத்தனையோ முறை இலை போட்டுச் சாப்பிட்ட மனிதர். மூன்று நாள் தாடியோடு, கைத்துண்டைப் பிழிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"நா உங்களக் குத்தம் சொல்ல வரலீங்க. தெரியாம நடந்துபோச்சு. ஆனாத் தெரிஞ்சதுக்கப்பறம் தெரியாத மாதிரி எப்படீங்க இருக்கறது?"

"நாலு தலைமுறை ஆயிருச்சுங்க சம்பந்தி."

"அப்படிக் கூப்பிடாதீங்க," என்றார். அதட்டவில்லை, கெஞ்சினார். "கோயில்ல கூடிப் பேசிப்போட்டாங்க. அந்தப் புள்ள எங்க ஊட்ல மருமவளா இருக்கற வரைக்கும் எங்க பொங்கப்பானை அங்க ஏறக்கூடாதாம். எஞ் சின்ன மகளப் பொண்ணு பாக்க வாரேன்னு சொன்னவங்க வர்லீன்னுட்டாங்க. அதெல்லாங்கூடப் போவட்டும். சாமி முன்னால நின்னு தங்கச்சி கழுத்துல தாலி கட்ட வெச்சிருக்கறேனுங்களே, நானு. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

"மாப்பிள்ளை என்ன சொல்றாருங்க?"

"அவன் ஊட்டுக்கே வர்றதில்லீங்க. மில்லுலயே படுத்துக்கறான்."

அவர் போன பிறகு அந்தச் சொம்பு அப்படியே இருந்தது. வசந்தாமணி அதை எடுத்துக்கொண்டு போய்ச் செடியில் ஊற்றினாள்.

மறுநாள் தேவிப்ரியா போனில் பேசியபோது அழுகை எல்லாம் தீர்ந்திருந்தது. "நீங்கதானப்பா தோண்டுனீங்க. நீங்களே மூடுங்க. அந்தக் காளியண்ணன் வேற ஆளுன்னு சொல்லுங்க."

அதைச் சொல்ல முடியாமல் முதலிலேயே பண்ணி வைத்திருந்தேன். பள்ளிக்கூடப் பதிவேட்டையும் அந்தக் குழுவில்தானே போட்டிருந்தேன்? ஊரும் பெயரும் தொழிலும் சேந்தமங்கலமும் ஆணி அடித்த மாதிரி பொருந்தி நின்றன. ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. வீரபாகுவைப் போனில் கூப்பிட்டேன்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. எங்கப்பா சாவறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு விஷயம் சொன்னாரு. காளியண்ணன் சின்னண்ண ஆசாரிக்குப் பொறந்தவரில்லீங்க. சந்தையில கெடந்த கொழந்தை. எடுத்து வளத்தாங்களாம்."

அப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்து செத்தார்.

வீரபாகு கேட்டார், "நெசமாலுமுங்களா?" அந்தக் குரலில் ஆசை இருந்தது. அவரும் என் பெண்ணை இழக்க விரும்பவில்லை.

"நெசமுங்க."

"அப்ப அடுத்த வாரம் வெள்ளிக்கெழமை கோயிலுக்கு வந்து, கற்பூரத்த அணைச்சு அந்த வார்த்தையச் சொல்லிப்போடுங்க. பங்காளிக அத்தன பேரையும் நான் கூட்டி வெக்கறேன். சத்தியத்துக்கு மேல பேச்சில்ல."

வசந்தாமணி வேண்டாம் என்றாள். என் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பொய்ச் சத்தியம் பண்ணுனா அது வயித்துல இருக்கறதுக்குத்தானுங்க ஆவும். வேண்டாமுங்க." எனக்கும் அந்தப் பயம் இருந்தது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துப் பொய் சொன்னவன் குடும்பம் விளங்கியதில்லை என்று கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் சாமி தண்டிக்கட்டும், முதலில் மனுஷர்கள் விடட்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். வெட்டவெளியில் சின்னக் கோயில். முன்னால் இரண்டு மரக்குதிரைகள் வெயிலில் நின்றன. முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தேவிப்ரியா முன்பே வந்து எங்கள் காரில் வசந்தாமணிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் இறங்கும்போது என் சட்டைக் காலரை இழுத்து நேராக்கிவிட்டு, "தெளிவாச் சொல்லுங்கப்பா" என்றாள். இளஞ்செழியன் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். பத்து நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

பூசாரி படிக்கல்லில் கற்பூரத்தை ஏற்றினார். நான் சொன்னேன். "எம் பூட்டன் காளியண்ண ஆசாரி, சின்னண்ண ஆசாரிக்குப் பொறந்தவரில்ல. எடுத்து வளத்த புள்ள. இது சத்தியம்." உள்ளங்கையை வைத்து அணைத்தேன். தோல் பொசுங்கிய நாற்றம் எனக்கே வந்தது. வலி தெரியவில்லை. வீரபாகு கண்ணை மூடிக் கும்பிட்டார்.

பூசாரி விபூதி கொடுத்தார். அவரும் அவர்களில் ஒரு பங்காளிதான். கொடுத்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சரிங்க, ஒத்துக்கிட்டோம். அப்ப அவரு யாரு புள்ளைங்க?"

"தெரியாதுங்க."

"எந்தச் சாமி கும்பிடற ஊட்டுப் புள்ள?"

"அது... தெரியாதுங்க."

"ஆசாரி ஊட்டுப் புள்ளதானுங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒரு பொய் சொல்லத் தெரிந்த மடையனுக்கு அடுத்த பொய் கையில் இல்லை. பின்னால் நின்றவர்களில் ஒருவர், "பங்காளின்னாலாவது நம்ம ரத்தம். இது அப்பன் பேரு தெரியாத வம்சமால்ல இருக்குது" என்றார். இன்னொருவர், "நம்ம ஊட்டு வாரிசு அதுல பொறக்கோணுமாக்கும்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காளியண்ணன் அந்த வீட்டுப் பிள்ளை என்றால் என் மகள் அவர்களுக்குத் தங்கை. இல்லை என்றால் அவள் யாருமே இல்லை. இரண்டு கதவையும் நானே சாத்தியிருந்தேன், இரண்டாவதைச் சத்தியம் வைத்து. பாகமும் வேண்டாம், சாமியும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போய் எங்கோ ஒரு மூலையில் வண்டி செய்து பிழைத்த மனுஷனை இழுத்துவந்து, முப்பது பேருக்கு நடுவில் அனாதையாக்கி நிறுத்தினேன். வீரபாகுவைப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குதிரையின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

காருக்குத் திரும்பி வந்தேன். தேவிப்ரியா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஆனாலும் அழவில்லை. "பரவால்லீங்கப்பா. அவரு போன்ல எங்கிட்டச் சொல்லியிருக்கறாரு. ஊரு வாய் ரெண்டு மாசத்துல அடங்கிருமாம். அப்பறம் வந்து கூட்டிக்கறாராம். திருப்பூர்ப் பக்கம் போயிரலாம்னாரு" என்றாள். வசந்தாமணி என் கையைப் பிடித்துக் கருகின இடத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். மகள் சொன்னதைக் கேட்டு எனக்கும் ஒரு துளி உயிர் வந்தது. ஆமாம், இந்தக் காலத்துப் பையன், நாலு பேர் முன்னால் பேசாவிட்டாலும் மனதில் வைத்திருப்பான் என்று நானும் நினைத்தேன்.

இளஞ்செழியன் தன் வண்டியில் முன்பே ஏற்றி வந்திருந்த அவளுடைய பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். டிக்கியில் வைத்தார். பிறகு ஸ்கேன் ரிப்போர்ட் இருந்த பையை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். மாத்திரைகளை எந்த வேளைக்கு எது என்று அட்டையில் அவரே எழுதி ஒட்டியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

"அடுத்த ஸ்கேன் பன்னெண்டாந் தேதிங்க," என்றார். "இரும்புச்சத்து மாத்தரைய மட்டும் சாப்பிட்டப்பறம் குடுக்கோணும். பாத்துக் கூட்டிட்டுப் போங்க, பெரியப்பா."

இரண்டு வருஷமாக என்னை மாமா என்று கூப்பிட்டவர். பங்காளிகள் யாரும் பக்கத்தில் இல்லை, யாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. என் சத்தியத்தை அவர் ஒரு நொடிகூட நம்பவில்லை என்றும், இந்தப் பத்து நாளும் மில்லில் தனியாகக் கிடந்து அந்த வார்த்தையைப் பழகிக்கொண்டிருக்கிறார் என்றும் எனக்குத் தெரிந்தது.

தேவிப்ரியா திருப்பூரைப் பற்றி அதன்பின் பேசவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, "போலாங்கப்பா" என்றாள்.

ஓமலூர் தாண்டி, சேலமும் தாண்டி, மல்லூர் வந்தது. அங்கே அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, இந்தப் புள்ளைக்கு அவரு என்ன மொறை வேணுமுங்க?"

முறைப்படி தாய்மாமன். மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறவன். எனக்கும் தெரியும், வசந்தாமணிக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் கேட்டாள்.